ஒன்பதாவது ஓட்டத்தின் தாள்

நூற்றுப் பத்து. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், பெரிய தொட்டியின் கலக்கி நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று பதினோரு வருஷமாக நான் தாளில் எழுதிவந்த எண் அது. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் கலக்கியை நூற்றுப் பத்தில் ஓட்டியதில்லை. எழுபதில்தான் ஓட்டினேன்.

நான் பணி ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் அங்கே எஞ்சினியராக இருக்கும் கவின் போன் செய்தான்.

"அங்கிள், ஃப்ரீயா? ஒரு சந்தேகம் லா."

"கேளு தம்பி."

"பழைய ஷீட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம். இப்ப தொட்டியில ஆள் கை வைக்கிறதே இல்ல. ஷீட்ல இருக்கிற நம்பரத்தான் மெஷின் போடுது. ஆனா உங்க காலத்துல வந்ததுல பாதிகூட வர மாட்டேங்குது. உங்க ரகசியம் என்ன அங்கிள்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. மனைவியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, "இன்னொரு தடவை சொல்லு தம்பி, சரியா கேக்கல" என்றேன். அவனும் சொன்னான். அவள் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவன், "ஸ்பீட் நூத்திப்பத்துதானே அங்கிள்? பதினோரு வருஷமா ஒரே நம்பர்தான் இருக்கு" என்றான். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் லோரியில் மூட்டை இறக்கினேன். பிறகு கிள்ளானில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், நடத்திய கிச்சாப்பு ஆலையில், அதாவது சோயா சாஸ் ஆலையில், சேர்ந்தேன். சோயாப் பயற்றை வேகவைத்து, கோதுமை மாவில் புரட்டி, தட்டுகளில் பரப்பிப் பூசணம் பிடிக்க விடுவார்கள். அந்தப் பூசணம் வளரும்போது சூடு கிளப்பும். சூடு ஏறிவிட்டால் தட்டு முழுக்க வீண். புறங்கையைத் தட்டுக்கு மேல் காட்டி, எது கிளற வேண்டியது, எது விட வேண்டியது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷத்தில் தவுக்கே தன் சொந்த மகனைவிட என் கையை நம்பினார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

அந்தக் கையை வைத்துத்தான் பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கேயும் பூசணம்தான், ஆனால் தட்டில் இல்லை, தண்ணீரில். மூடிய எஃகுத் தொட்டிக்குள் சர்க்கரைப் பாகும் சோயாத் தூளும் கரைத்து, நீராவியில் கிருமி நீக்கி, ஆறவைத்து, பூசண வித்தை ஊற்றுவோம். அது நூல் நூலாக வளர்ந்து, ஒரு புரதத்தைத் தண்ணீரில் கக்கும். அந்தப் புரதம்தான் எங்களுக்குச் சரக்கு. கோழித் தீவனத்தில் கலந்தால் தீவனம் நன்றாகச் செரிக்கும். கேட்க எளிதாக இருக்கும். சூடு, புளிப்பு, காற்று, தீனி, கலக்கும் வேகம் என்று ஐந்து சங்கதிகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். வேகமாகக் கலக்கினால் நூல் அறுந்துபோகும், அறுந்த பூசணம் தான் கக்கிய புரதத்தைத் தானே கெடுக்கும். மெதுவாகக் கலக்கினால் நடுவில் இருப்பதற்குக் காற்றுப் போகாமல் மூச்சு முட்டும்.

எங்கள் மேலாளர் மிஸ்டர் ஓங். காலை எட்டேகாலுக்கு வருவார். சட்டைப் பையில் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கும். மணிக்கு ஒரு வரியாக நாங்கள் எழுதும் தாளை மேசையில் விரித்து, முதல் வரிக்கு அடியில் ஸ்கேலை வைப்பார். வாசிப்பார். ஒரு வரி கீழே இறக்குவார். வாசிப்பார். இருபத்துநாலு வரியும் அப்படித்தான். எங்காவது அடித்துத் திருத்தியிருந்தால் ஸ்கேல் அங்கே நின்றுவிடும். "வை டர்ட்டி?" அவ்வளவுதான் கேட்பார். சத்தம் போட மாட்டார். புதுத் தாள் ஒன்றை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். ஆடிட் வருகிறவர்களும் சுத்தமான தாளைப் பார்த்து மெச்சிவிட்டுத்தான் போவார்கள்.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் வந்தது. ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் கலக்கும் வேகத்தையும் காற்றளவையும் வரிசையாக எழுதி முடித்துவிடுவோம். சூட்டையும் புளிப்பையும் ஒரு மெஷின் தானே கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும், அதில் கை வைக்க முடியாது. மற்ற இரண்டையும் கேட்பார் இல்லை. இதற்கு நாங்கள் வைத்த பெயர், கோலம் போடுறது. ஸ்டோர் சாவி வைத்திருந்த அஸ்மான்கூட உள்ளே தலையை நீட்டி, "கோலம் சியாப், அண்ணே?" என்று கேட்பான். போட்டாச்சா என்று அர்த்தம். என் கோலம்தான் இருப்பதிலேயே அழகு.

எனக்கு நாற்பத்தொன்பது வயதாகும்போது டாக்டர் தர்ஷினி வந்தார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், அப்பாவும் அரசாங்க உத்தியோகம். வெளிநாட்டில் பூசணத்தைப் படித்தே டாக்டர் பட்டம் வாங்கியவர். முப்பது வயது இருக்கும். ஒரு வருஷ ஒப்பந்தம், நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்று பேச்சு. பூசணத்தைப் பற்றி எனக்குப் படித்துச் சொல்ல ஒருத்தரா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவர் ஐம்பது லிட்டர் சின்னத் தொட்டியில் பதினாறு சோதனை ஓட்டம் வைத்தார். ஒவ்வொரு ஓட்டமும் ஆறு நாள். ஒன்றில் சூடு கூட, வேகம் கம்மி. ஒன்றில் புளிப்புக் கூட, தீனி கம்மி. இப்படி ஒரு பட்டியல்.

"ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்திப் பாத்தா போதாதாம்மா?" என்று கேட்டேன்.

"போதாது அங்கிள். ரசத்துல புளி கூடினா அதே உப்பு வேற மாதிரி தெரியுமில்ல? இதுவும் அப்படித்தான். ஒண்ணு மாறினா மத்ததோட குணமும் மாறும்."

"ரசமெல்லாம் வைப்பீங்களா டாக்டர்?"

"அம்மா வைப்பாங்க, நான் சாப்பிடுவேன்," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு விஷயம் அங்கிள். ஏதாவது தப்பா நடந்தா, நடந்ததையே எழுதுங்க. அடிச்சாலும் கிறுக்கினாலும் பரவாயில்ல. மிஸ்டர் ஓங்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

ஒன்பதாவது ஓட்டம். கலக்கும் வேகம் ஐந்நூறு. அது ஓடத் தொடங்கி இரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை. என் ஷிப்ட் காலை ஏழிலிருந்து மூன்று வரை. மதியம் பன்னிரண்டரைக்கு மேல் தொட்டியில் நுரை கிளம்பியது. நுரையை அடக்க ஓர் எண்ணெய் உண்டு, அளந்து விட வேண்டும். தொட்டி பக்கத்துப் போத்தல் காலி. ஸ்டோருக்கு ஓடினேன். பூட்டு. அஸ்மான் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டான், சாவி அவனோடு. திரும்பி வந்தால் நுரை தொட்டியின் பார்வைக் கண்ணாடியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு சாண் ஏறினால் காற்று வெளியேறும் வடிகட்டியில் புகுந்து ஓட்டமே போய்விடும். கலக்கியை ஐந்நூறிலிருந்து முந்நூறுக்கு இறக்கினேன். நுரை உட்கார்ந்தது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், அந்த நிமிஷத்தில் அது சரியான காரியம். படித்தவர் யாராவது நின்றிருந்தால் டெலிபோனைத் தேடிக்கொண்டிருப்பார்.

பிறகு செய்ததுதான் சரியில்லை.

அஸ்மான் திரும்பி வரும் நேரத்தில் நான் ஒரு கிளாஸில் மாதிரி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். காலையில் பூசணம் ஊறிய பஞ்சு மாதிரி கலங்கிக் கிடந்தது. இப்போது சின்னச் சின்ன உருண்டை, ஜவ்வரிசி மாதிரி. வாசனையும் மாறியிருந்தது. கிச்சாப்புத் தட்டு நல்லபடியாகப் பிடித்த நாளில் வரும் வாசனை. இதற்கு இதுதான் பிடிக்கிறது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெய் போத்தல் வந்த பிறகும் நான் வேகத்தைக் கூட்டவில்லை. மூன்று மணிக்கு அடுத்த ஆள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஐந்நூறில் வைத்தேன். சனிக்கிழமையும் அப்படியே, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. வாசனை பார்த்துக் குறைப்பேன், கூட்டுவேன், காற்றைக் கொஞ்சம் திறப்பேன், ஷிப்ட் முடியும்போது பழையபடி வைத்துவிடுவேன்.

தாளில் ஐந்நூறு, ஐந்நூறு, ஐந்நூறு. காலையிலேயே போட்ட கோலம். அடித்து எழுதினால் ஸ்கேல் வந்து நிற்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், முடிவு நன்றாக வந்ததும் நானே போய், 'டாக்டர், இது இந்த மாணிக்கத்தோட கைவேலை' என்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

முடிவு வந்தது. பதினாறிலும் அதுதான் உச்சம். டாக்டர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடி வந்தார். "அங்கிள், நைன்! ட்ரயல் நைன்!" எல்லாருக்கும் கறி பாப் பலகாரம் வாங்கி வந்தார். "மத்தவங்க தாள பாத்தா அங்கங்க சந்தேகமா இருக்கு. உங்க தாள்தான் அங்கிள் கண்ணாடி மாதிரி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அப்போது எப்படிச் சொல்வது? மூன்று கறி பாப் சாப்பிட்டேன்.

அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அந்த வாரம் என் மகள் கல்யாணத்துக்கு நான் விடுப்பு. வேறு ஆள் நிஜமாகவே ஐந்நூறில் ஓட்டினான். பாதிகூட வரவில்லை. அதற்குள் மேலிடத்தில் அவசரப்பட்டு, ஒன்பதாவது ஓட்டத்தின் கணக்கைப் பெரிய தொட்டிக்கு ஏற்றச் சொல்லிவிட்டார்கள். பெரிய தொட்டியில் அதே ஐந்நூறு போட முடியாது. அங்கே கலக்கியின் சிறகு நீளம், அதன் நுனி போகும் வேகம்தான் கணக்கு. டாக்டர் கணக்குப் போட்டு நூற்றுப் பத்து என்றார். இரண்டு முறை ஓட்டினோம். இரண்டு முறையும் நூலெல்லாம் அறுந்து கூழாகி வந்தது.

டாக்டர் தன் மேல்தான் சந்தேகப்பட்டார். தொட்டிக்கு ஊற்றும் வித்துகளை முதலில் மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, கையில் ஓர் எண்ணும் கருவியை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே எண்ணுவார். பழைய வித்தை எடுத்து மூன்று நாள் திரும்பத் திரும்ப எண்ணினார். நான் மாதிரி கொண்டுபோய் வைத்தபோது நிமிர்ந்தார். கண்ணைச் சுற்றி மைக்ராஸ்கோப்பின் வளையம் பதிந்திருந்தது.

"நைன்ல நான்தான் தப்பா எண்ணிட்டேனா அங்கிள்?"

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கலாம்மா," என்றேன்.

அடுத்த வாரம் கூட்டம் போட்டார்கள். மிஸ்டர் ஓங்கும், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவரும். அந்த ஆள் நேராகவே கேட்டார்: ஒப்பந்தம் முடியும் நேரத்தில் நல்ல எண் வேண்டுமென்று ஒன்பதாவது முடிவை டாக்டரே எழுதிக்கொண்டாரா என்று. இது பிறகு நான் கேள்விப்பட்டது. டாக்டர், "ஆஸ்க் மாணிக்கம். அவர்தான் ஓட்டினாரு. அவருக்குத் தெரியும்" என்றார். எனக்காக ஆள் அனுப்பினார்கள். போய் நின்றேன்.

மிஸ்டர் ஓங் தாளில் ஸ்கேலை வைத்துக்கொண்டு கேட்டார். "மாணிக்கம், ட்ரயல் நைன். யூ சேஞ்ச் எனிதிங்?"

கையெழுத்தில்லாமல் மாற்றினால் வேலை போகும் என்பது விதி. மகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதெல்லாம் காரணம் என்று வீட்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அறையில் இது எதுவும் என் மண்டையில் இல்லை. 'மாணிக்கத்தின் தாள் பொய்' என்று மிஸ்டர் ஓங் வாயால் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் இருந்தது.

"நோ பாஸ். ஃபாலோ ஷீட்."

வெளியே நடைபாதையில் டாக்டர் என் பின்னாலேயே வந்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. நான் ஒழுங்காக ஓட்டினேன் என்று சொன்னது தனக்குச் சாதகம் என்று நினைத்துக்கொண்டார்.

"தேங்க்ஸ் அங்கிள்," என்றார்.

நான் ஒழுங்காக ஓட்டியிருந்தால் தப்பு அவருடையது என்றாகிறது. அப்படித்தான் ஆனது. எழுத்தில் எந்தக் குற்றமும் வைக்கவில்லை, ஒப்பந்தத்தை மட்டும் நீட்டிக்கவில்லை. ஆனால் எண்ணை இட்டுக்கட்டிய டாக்டர் என்று கேன்டீனில் பேசினார்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

அவர் போன பிறகு பெரிய தொட்டி என் கைக்கு வந்தது. நான் எழுபதில் ஓட்டினேன், மற்ற ஷிப்டுக்காரர்களையும் அதைத் தொட விடவில்லை. ஜவ்வரிசி வந்தது, வாசனை வந்தது, புரதமும் வந்தது. படித்தவர்களால் முடியாததை ஆறாம் வகுப்பு மாணிக்கம் செய்துவிட்டான் என்று சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கிள்ளானில் ஆண்டு விருந்தில் மேடையேற்றி மாலை போட்டார்கள். "எல்லாம் இந்தக் கை" என்று மைக்கில் கையைத் தூக்கிக் காட்டினேன். தாளில் மட்டும் டாக்டரின் நூற்றுப் பத்தையே எழுதிக்கொண்டிருந்தேன். எழுபது என்று எழுதினால், எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது என்று கேள்வி வரும்.

போன மாதம் கவின் கேட்டதும் அந்த நூற்றுப் பத்தைத்தான். நான் போனில் "எழுவது போடு தம்பி" என்றேன்.

"செவன்ட்டியா? அப்ப ஏன் அங்கிள் நூத்திப்பத்துன்னு எழுதினீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவன் விடவில்லை.

"செவன்ட்டின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பிறகு பேசறேன் தம்பி," என்று வைத்துவிட்டேன்.

டாக்டர் எங்கே இருக்கிறார் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். தீபாவளிச் சாமான் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது ஒரு கடைவீட்டின் மாடியில் டியூஷன் சென்டர் பலகையில் அவர் பெயரைப் பார்த்தேன். டாக்டர் என்ற பட்டம் இல்லாமல் வெறும் பெயர். அன்றிலிருந்து அந்தத் தெருவில் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நடப்பேன்.

போன புதன்கிழமை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தேன். பகல் பதினொரு மணி, பிள்ளைகள் வராத நேரம். மாடி ஏறியதும் மூச்சு வாங்கியது. பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்.

"மாணிக்கம் அங்கிளா? வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன் என்று நின்றபடியே சொன்னேன். நுரை, சாவி, முந்நூறு, கூட்டத்தில் சொன்ன பொய், எழுபது, எல்லாம். நான் முடித்த பிறகு, சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

"ஆமாம்மா."

"அதுக்கப்புறம் நான் ஒரு லேபுக்கும் அப்ளை பண்ணல அங்கிள். என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்க போச்சு."

மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேசையிலிருந்து ஒரு பிள்ளையின் பயிற்சித் தாளை எடுத்து, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, ரூலர் வைத்துக் கட்டம் போட்டார். நாள், மணி, வேகம், காற்று.

"சொல்லுங்க. வெள்ளிக்கிழம எத்தன மணிக்குக் கொறச்சீங்க?"

"பன்னெண்டே முக்கா."

"எவ்வளவுக்கு?"

"முந்நூறு."

"எத்தன மணி வரைக்கும்?"

"மூணு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும்."

எழுதினார். "காத்து?"

"அன்னைக்குத் தொடல."

"சனிக்கிழம?"

"காலையில ஒரு தடவ. பத்து மணி இருக்கும். இல்ல, பதினொண்ணு."

"எவ்வளவு?"

"முந்நூத்தம்பது. நானூறாக்கூட இருக்கும்மா. காத்தக் கொஞ்சம் தொறந்தேன்."

"கொஞ்சம்னா எவ்வளவு அங்கிள்?"

வால்வைத் திருப்பிய மாதிரி கையைத் திருப்பிக் காட்டினேன். அந்தக் கட்டத்தில் பேனா எதையும் எழுதவில்லை.

"ஞாயித்துக்கிழம?"

ஏதாவது எண் சொல்லியிருக்கலாம். எட்டு வரியை நம்பும்படி நிரப்ப இந்த நாட்டில் என்னைவிடக் கெட்டிக்காரன் கிடையாது. முந்நூற்று இருபது, இரண்டு மணி நேரம் என்று சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். அதை வைத்துக் கணக்கும் போடுவார். பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார்.

"தெரியலம்மா," என்றேன்.

அவர் குறுக்கே கோடு எதுவும் இழுக்காமல் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வெறுமையாக விட்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார்.

"கையெழுத்துப் போடுங்க."

கால்வாசிகூட நிறையாத தாள். காலிக் கட்டங்களுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.